‘ஏகமனதாக’ என்று எழுதுவதற்கு முன்





நம் பள்ளிவாசல்களின் தீர்மானப் புத்தகங்களை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். எந்த ஊராக இருந்தாலும் சரி, பெரும்பாலான தீர்மானங்கள் ஒரே வாசகத்தில்தான் முடியும்: ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.’ கீழே வரிசையாகக் கையெழுத்து. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் மனம் உண்மையிலேயே ஏகமாக இருந்ததா? யாராவது கேட்டார்களா? கேட்ட விதம் பதில் சொல்லக்கூடிய விதமாக இருந்ததா? இன்று உங்களோடு பேச நினைப்பது இதைத்தான்.

முதலில் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து வருடங்களுக்கு முன், இங்கே வருவதற்கு முன்னால், வேறொரு மஹல்லாவில் இமாமாக இருந்தேன். பள்ளிவாசலுக்குச் சொந்தமாகத் தெருவோரம் ஐந்து சின்னக் கடைகள். அதை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்று நிர்வாகம் நினைத்தது. இஷாவுக்குப் பிறகு கூட்டம். அறுபது பேருக்குமேல் இருந்தார்கள். முன்வரிசையில் ஆறேழு பேர் பேசினார்கள், எல்லோரும் ஒரே பக்கம். பிறகு செயலாளர் எழுந்து, “என்னப்பா, எல்லாருக்கும் சம்மதம்தானே? ஆட்சேபனை இருந்தா இப்பவே சொல்லிடுங்க” என்றார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. “அப்ப சரி. ஹஜ்ரத், துஆ ஓதி முடிச்சிடுங்க.”

நானும் ஓதினேன். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள்.

கடைகள் இடிந்தன. அஸ்திவாரம் எழும்பியது. பிறகு சந்தா நின்றுபோனது. யாரும் சண்டை போடவில்லை. கேட்டால் “அடுத்த மாசம் தர்றேன்” என்றார்கள், அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்தும் தூண்கள் கம்பியை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றன. அந்தக் கடைகளில் ஒன்றில் தையல் மிஷின் போட்டிருந்தவர் அன்றைய கூட்டத்தில் என் கண்ணெதிரே, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பின்னாளில் அவரிடம் கேட்டேன், “பாய், அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” அவர் சொன்னார்: “அசரத்து, எனக்கு நாலு மாச வாடகை பாக்கி. நான் வாயத் தொறந்தா முதல்ல அதத்தானே கேப்பாங்க?”

அவருடைய மௌனத்தை நாங்கள் சம்மதம் என்று எழுதிக்கொண்டோம். அதற்கு முத்திரை வைத்தது என்னுடைய துஆ.

கலந்து பேசுவது வேறு, பொருந்திக்கொள்வது வேறு

மஷூராவைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக இரண்டு ஆயத்துகளை எடுப்போம். ஒன்று, ‘ஷூரா’ என்ற பெயரையே தாங்கிய அத்தியாயத்தில் வருவது (42:38). மூமின்களின் பண்புகளை அல்லாஹ் அடுக்கும்போது, தொழுகையை நிலைநாட்டுவதற்கும் இறைவழியில் செலவு செய்வதற்கும் நடுவில், தங்கள் காரியங்களைத் தமக்குள் ஆலோசித்து நடத்துவதை வைக்கிறான். இரண்டாவது உஹதுக்குப் பிறகு இறங்கியது (3:159). அதற்குக் கடைசியில் வருவேன்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. மேடைகளில் அவ்வளவாகக் கேட்க முடியாது. பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பது பற்றிய ஆயத் (2:233). இரண்டு வருடம் நிறைவதற்கு முன் பாலை நிறுத்துவதானால், தாயும் தகப்பனும் இருவரும் பொருந்தி, இருவரும் ஆலோசித்து நிறுத்தினால் குற்றமில்லை என்று அல்லாஹ் சொல்கிறான். ‘தராழின்’ என்று ஒரு சொல், ‘தஷாவுர்’ என்று ஒரு சொல். பொருத்தம் தனி, ஆலோசனை தனி. ஆலோசனை நடந்துவிட்டது என்பதற்காகப் பொருத்தம் வந்துவிட்டதாக ஆகாது. இரண்டு பேர் உள்ள ஒரு வீட்டில், ஒரு குழந்தையின் பால் விஷயத்திலேயே இதைப் பிரித்துப் பேசுகிறது குர்ஆன். அறுபது பேர் உள்ள மஹல்லாவுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

அடுத்தவர் மனதில் இருப்பது நமக்குத் தெரியாது. பல நேரம் அவருக்கே முழுதாகத் தெரியாது. மஷூராவின் சிக்கல் அதில்தான் இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள்.

பத்ருக்கு முன் நடந்தது உங்களுக்குத் தெரியும். வியாபாரக் கூட்டத்தைத் தேடிப் புறப்பட்டவர்கள் எதிரில் மக்காவின் படை வந்துவிட்டது. நபியவர்கள் ஆலோசனை கேட்டார்கள். அபூபக்ர் (ரலி) பேசினார்கள், உமர் (ரலி) பேசினார்கள், மிக்தாத் (ரலி) பேசினார்கள். எல்லாம் ஆதரவான பேச்சு. நம் செயலாளராக இருந்தால் அங்கேயே துஆ ஓதச் சொல்லியிருப்பார்! நபியவர்களோ மறுபடியும் ஆலோசனை கேட்டார்கள். ஏனென்றால் பேசிய மூவரும் முஹாஜிர்கள். படையில் பெரும்பான்மை அன்ஸாரிகள். அகபாவில் அன்ஸாரிகள் கொடுத்த வாக்கு மதீனாவுக்குள் வைத்துப் பாதுகாப்போம் என்பதுதான். ஊருக்கு வெளியே வந்து போரிட அவர்கள் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. அவர்கள் மனம் என்ன என்பது தெரியாது. கடைசியில் ஸஅத் பின் முஆத் (ரலி) எழுந்து, தாங்கள் எங்களைத்தான் கேட்கிறீர்கள் போலும் என்று புரிந்துகொண்டு பேசிய பிறகுதான் நபியவர்களின் முகம் மலர்ந்தது என்று ஸீரா நூல்களில் காண்கிறோம்.

பேசியவர்களின் எண்ணிக்கையை நபியவர்கள் பார்க்கவில்லை. யார் இன்னும் பேசவில்லை என்று பார்த்தார்கள். அதிலும் யாருக்கு இந்த முடிவின் பாரம் அதிகம் என்று பார்த்தார்கள்.

ஹவாஸின் கைதிகள்

இந்தப் பாடத்தின் மையம் ஹிஜ்ரி 8இல் ஜிஃரானாவில் நடந்தது. ஹுனைன் போரில் ஹவாஸின் கூட்டத்தார் தோற்று, அவர்களுடைய பெண்களும் பிள்ளைகளுமாகச் சுமார் 6000 பேர் கைதிகளானார்கள். பத்து நாளுக்கும் மேலாக நபியவர்கள் காத்திருந்தார்கள், அந்தக் கூட்டத்தார் வருவார்கள் என்று. வரவில்லை. கைதிகளும் செல்வமும் பங்கிடப்பட்டுவிட்டன. அதற்குப் பிறகு ஹவாஸின் தூதுக்குழு முஸ்லிம்களாக வந்து நின்றது. எங்கள் ஆட்களையும் பொருளையும் திருப்பிக் கொடுங்கள் என்றது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள் நபியவர்கள். அவர்கள் ஆட்களைக் கேட்டார்கள்.

இப்போது கைதிகள் நபியவர்கள் கையில் இல்லை. ஆயிரக்கணக்கான போர்வீரர்களுக்கு அவரவர் பங்காகப் போய்விட்டார்கள். நபியவர்கள் எழுந்து நின்று, இவர்களைத் திருப்பிக் கொடுக்க நான் விரும்புகிறேன் என்று தன் கருத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். மனமுவந்து கொடுப்பவர் கொடுக்கலாம், பங்கை விட மனமில்லாதவருக்கு அடுத்துக் கிடைக்கும் செல்வத்திலிருந்து ஈடு தருவோம் என்றார்கள். கூட்டம் முழுவதும் ஒரே குரலில், மனமுவந்து தருகிறோம் என்றது.

உலகத்தில் எந்தத் தலைவரும் இந்த இடத்தில் கூட்டத்தை முடித்திருப்பார். ஆனால் நபியவர்கள் ஒப்பவில்லை. உங்களில் யார் சம்மதித்தார், யார் சம்மதிக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது, திரும்பிப் போங்கள், உங்கள் ‘உரஃபா’ வந்து உங்கள் விஷயத்தை எங்களிடம் தெரிவிக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். மக்கள் திரும்பினார்கள். ஒவ்வொரு குழுவின் பொறுப்பாளரும் தன் ஆட்களிடம் பேசினார். பிறகு வந்து, அவர்கள் மனமுவந்து சம்மதித்துவிட்டார்கள் என்று தெரிவித்தார்கள் (புகாரி 2307).

இதில் மூன்று நுட்பங்கள் எனக்குத் தெரிகின்றன. பெருங்கூட்டத்தின் ஒருமித்த சத்தத்தை நபியவர்கள் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. சம்மதிக்காதவருக்கு நஷ்டம் வராதபடி ஒரு வழியை முன்கூட்டியே திறந்து வைத்தார்கள், ‘முடியாது’ என்று சொல்பவர் கெட்டவராகத் தெரியக் கூடாது அல்லவா? அடுத்தது, கேட்கிற இடத்தை மாற்றினார்கள். அல்லாஹ்வின் தூதருடைய முகத்துக்கு நேரே ‘எனக்கு விருப்பமில்லை’ என்று எந்த ஸஹாபி சொல்வார்? தன் கூடாரத்தில், தன் குழுவின் பொறுப்பாளரிடம் சொல்லலாம்.

இதே சம்பவத்தை இப்னு ஹிஷாம் போன்ற ஸீரா ஆசிரியர்கள் சொல்லும்போது இன்னொரு காட்சியும் வருகிறது. அக்ரஃ பின் ஹாபிஸ் எழுந்து, நானும் பனூ தமீமும் கொடுக்க மாட்டோம் என்றார். உயைனா பின் ஹிஸ்னும் அப்படியே தன் கூட்டத்துக்காகப் பேசினார். அப்பாஸ் பின் மிர்தாஸ் எழுந்து, நானும் பனூ ஸுலைமும் கொடுக்க மாட்டோம் என்றார். உடனே பனூ ஸுலைம் கூட்டத்தார், அப்படியில்லை, எங்களுடையது அல்லாஹ்வின் தூதருக்கே என்று சொல்லிவிட்டார்கள். அப்பாஸ் பின் மிர்தாஸுக்குப் பெரிய தலைகுனிவு.

தன் கூட்டத்தின் மனம் தனக்குத் தெரியும் என்று தலைவர் நினைத்தார். கேட்கவில்லை. நம் ஊர்களில் ‘எங்க தெருவே இதுக்கு எதிர்ப்பு’ என்றும் ‘எங்க குடும்பம் பூரா ஆதரவு’ என்றும் எழுந்து பேசுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பனூ ஸுலைம் ஞாபகம் வரும்.

கீழூரில் 178 பேர்

பொறுப்பாளர்கள் வழியாக மக்கள் மனதை அறிவது என்பது நம் காரைக்கால் மண்ணுக்குப் புதிதல்ல. நாம் இன்று இந்தியக் குடிமக்களாக இருப்பதே அப்படி ஒரு கேள்விக்குப் பிறகுதான்.

1947இல் இந்தியா விடுதலை பெற்றபோது நாம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தோம். 1946ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியல் சட்டத்தில் ஒரு விதி இருந்தது (27ஆம் பிரிவு): சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுப்பது செல்லாது. அப்படியானால் மக்களின் சம்மதத்தை எப்படித் தெரிந்துகொள்வது? வங்காளத்தில் இருந்த சந்திரநாகூரில் 19-6-1949 அன்று மக்களையே நேரடியாகக் கேட்டார்கள். இந்தியாவோடு சேர 7473 பேர், பிரான்ஸோடு இருக்க 114 பேர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அப்படி நேரடி வாக்கெடுப்பு நடக்காமல் வருடங்கள் ஓடின. கடைசியில் 18-10-1954 அன்று புதுச்சேரிக்கு மேற்கே கீழூரில், மக்கள் தேர்ந்தெடுத்த மன்ற உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது.

அந்த 8 பேரைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்த நாளில், தங்கள் கருத்தைத் தங்கள் கருத்தாகவே பதிவு செய்தார்கள். அவர்கள் கருத்தோடு நமக்கு உடன்பாடு இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எட்டு இருப்பதால்தான் மற்ற 170க்கும் எடை வருகிறது. ‘178 பேரும் ஏகமனதாக’ என்று எழுதியிருந்தால் இன்று நாம் சந்தேகத்தோடு படித்திருப்போம்.

ஆனாலும் பிரதிநிதி சொன்னது ஊரின் முடிவு. தனிமனிதன்? அவனுக்கும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. 1956 மே 28ஆம் தேதி கையெழுத்தாகி, 16-8-1962 முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் அது இருக்கிறது. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புபவர் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தியர். ஆனால் இங்கே பிறந்து சைகோன் போன்ற வெளிநாடுகளில் குடியிருந்தவர்களுக்கு விதி தலைகீழ். அவர்கள் சும்மா இருந்தால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர்வார்கள். இந்தியராக விரும்பினால்தான் எழுதிக்கொடுக்க வேண்டும்.

ஒரே குடும்பம். அண்ணன் காரைக்காலில், தம்பி சைகோனில். இருவரும் எதுவும் எழுதவில்லை. அண்ணன் இந்தியர், தம்பி பிரெஞ்சுக்காரர்! இன்றும் நம் பகுதியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகளும், பாரீஸில் பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகளும் இருப்பதற்குப் பின்னால் இந்த ஆறு மாதக் கணக்கும் உண்டு.

இங்கே மௌனத்துக்கு அர்த்தம் வைத்தார்கள், உண்மைதான். ஆனால் அந்த அர்த்தம் என்ன என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். நாங்கள் அந்தத் தையற்காரருக்குக் கொடுத்தது அரை நிமிடம்.

மௌனம் எப்போது சம்மதம்?

அரபுக் கல்லூரியில் உஸூலுல் ஃபிக்ஹ் படித்த காலத்தில் எங்களை அதிகம் வியர்க்க வைத்த பாடங்களில் ஒன்று ‘இஜ்மாஉ ஸுகூத்தீ’. சிலர் ஒரு தீர்ப்பைச் சொல்கிறார்கள், மற்ற முஜ்தஹிதுகள் கேட்டுவிட்டு மௌனமாக இருக்கிறார்கள். இதை எல்லோருடைய ஏகோபித்த கருத்து என்று சொல்லலாமா? ஹனஃபி இமாம்களில் பெரும்பாலோர் சொல்லலாம் என்றார்கள், ஆனால் நிபந்தனைகளோடு: செய்தி எல்லோருக்கும் எட்டியிருக்க வேண்டும், யோசிக்கப் போதுமான அவகாசம் கடந்திருக்க வேண்டும், பயமோ நிர்ப்பந்தமோ இருக்கக் கூடாது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பிரபலமான நிலைப்பாடு, வாய் திறக்காதவர் மேல் எந்தச் சொல்லையும் ஏற்றிச் சொல்லக் கூடாது என்பது. நம் கடற்கரையில் மரைக்காயர்கள் ஷாஃபிஈ, ராவுத்தர்கள் ஹனஃபி. இரண்டு மத்ஹபின் அளவுகோலில் எதை வைத்துப் பார்த்தாலும் நம் பொதுக்குழுவின் அரை நிமிட மௌனம் தேறாது.

ஷாஃபிஈ தரப்பில் காட்டப்படும் ஆதாரங்களில் ஒன்று உமர் (ரலி) காலத்தில் நடந்த பாகப்பிரிவினை. ஒரு பெண் இறந்து, கணவரும் இரண்டு சகோதரிகளும் வாரிசாக இருந்தால், கணவருக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. கூட்டினால் ஒன்றைத் தாண்டிவிடுகிறது. எனவே சொத்தை ஏழு பங்காக்கி, கணவருக்கு 3, சகோதரிகளுக்கு 4 என்று எல்லோருடைய பங்கையும் விகிதப்படி குறைக்கும் ‘அவ்ல்’ முறையை உமர் (ரலி) அவர்கள் ஆலோசித்து ஏற்படுத்தினார்கள். யாரும் மறுக்கவில்லை. உமர் (ரலி) மறைந்த பிறகு இப்னு அப்பாஸ் (ரலி) தனக்கு அதில் உடன்பாடில்லை என்றார்கள். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்பட்டபோது, உமர் அச்சமூட்டும் கம்பீரம் உள்ளவர், அதனால் தயங்கினேன் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள்.

சட்டத்தில் இன்று நாம் பின்பற்றுவது உமர் (ரலி) முடிவைத்தான். அது வேறு விஷயம். யார் தயங்கினார்கள், யார் முன்னால் தயங்கினார்கள் என்று பாருங்கள். உமர் (ரலி) அடக்குமுறை செய்பவர் அல்ல. பத்ருப் பெரியவர்களின் சபையில் இளைஞரான இப்னு அப்பாஸைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தவர். ஒருமுறை ஒரு ஆயத்தின் விளக்கம் கேட்டபோது இப்னு அப்பாஸ் தயங்க, தம்பி மகனே, உன்னை நீயே சிறுமைப்படுத்திக்கொள்ளாதே, சொல் என்று ஊக்கப்படுத்தியவர் (புகாரி 4538). அப்படிப்பட்டவர் முன்னாலேயே ஒரு கருத்து பல வருடம் நெஞ்சுக்குள் கிடந்திருக்கிறது. முத்தவல்லிமார்களே, நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் முன்னால் எல்லோரும் பேசிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். இமாம்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

‘கன்னிப்பெண்ணின் மௌனம் சம்மதம் என்று ஹதீஸ் இருக்கிறதே’ என்று ஒருவர் கேட்கலாம். இருக்கிறது. அவள் வெட்கப்படுவாளே என்று ஆயிஷா (ரலி) கேட்டபோது வந்த பதில் அது. அங்கே மௌனத்துக்குக் காரணம் வெட்கம் என்று தெரியும், அவளிடம் தனியாகக் கேட்கவும் படுகிறது. முன்பே மணமானவளுக்கு அதுவும் போதாது, வாய்விட்டே சொல்ல வேண்டும். தகப்பன் தன் விருப்பமில்லாமல் கட்டி வைத்துவிட்டார் என்று கன்ஸா பின்த் கிதாம் (ரலி) வந்து நின்றபோது நபியவர்கள் அந்த நிகாஹை ரத்து செய்தார்கள் (புகாரி 5138). ஒரு விதிவிலக்கை எடுத்துக்கொண்டு போய் ஊர்ச் சொத்துக்கு விதியாக்க முடியாது.

கை தூக்கினால் போதுமா?

சரி, மௌனம் வேண்டாம், கை தூக்கச் சொல்லி எண்ணிவிடலாம் என்கிறீர்களா? இரண்டே வழி இருந்தால் சரி. மூன்று வழி இருந்தால் எண்ணிக்கையும் ஏமாற்றும்.

அந்தக் கடை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேர் நிர்வாகக் குழு என்று வைத்துக்கொள்வோம். வழிகள் மூன்று: இடித்துக் கல்யாண மண்டபம், கடைகளைப் பழுது பார்ப்பது, கடைகளுக்கு மேல் மாடி எழுப்பி மதரஸா. நால்வருக்கு முதலில் மண்டபம், அடுத்து மதரஸா, கடைசியில் பழுது. மூவருக்கு முதலில் பழுது, அடுத்து மதரஸா, கடைசியில் மண்டபம். இருவருக்கு முதலில் மதரஸா, அடுத்து பழுது, கடைசியில் மண்டபம். கை தூக்கினால் மண்டபம் 4, பழுது 3, மதரஸா 2. மண்டபம் ஜெயித்தது, தீர்மானம் எழுதியாகிவிட்டது.

இப்போது இரண்டிரண்டாக வைத்துக் கேளுங்கள். மண்டபமா, மதரஸாவா? ஐந்து பேர் மதரஸா. மண்டபமா, பழுதா? ஐந்து பேர் பழுது. மதரஸாவா, பழுதா? ஆறு பேர் மதரஸா. ஆகக் குறைந்த கை விழுந்த மதரஸாதான் மற்ற இரண்டையும் தோற்கடிக்கிறது. கை எண்ணிக்கையில் ஜெயித்த மண்டபம், ஐந்து பேருக்குக் கடைசி விருப்பம்! சந்தா ஏன் நின்றது என்று இப்போது புரிகிறதா?

இதைக் கணக்காக எழுதி வைத்தவர் கொந்தோர்சே என்ற பிரெஞ்சு அறிஞர், 1785இல். சில நேரம் இப்படி இரண்டிரண்டாகக் கேட்டாலும் ஒன்றை ஒன்று துரத்திச் சுற்றிக்கொண்டே இருக்கும், முடிவே வராது என்பதையும் அவர் காட்டினார். எல்லாம் சமமாகி நிற்கும் இடத்தில் நம் மார்க்கத்தில் சீட்டுக் குலுக்கவும் இடம் உண்டு. பயணத்தில் எந்த மனைவியை அழைத்துச் செல்வது என்பதற்கு நபியவர்கள் சீட்டுக் குலுக்கியிருக்கிறார்கள் (புகாரி 2593). ஆனால் அது கடைசிப் படி. அதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ‘உங்களுக்கு இது வேண்டுமா?’ என்பதோடு ‘இது கிடைக்காவிட்டால் அடுத்தது எது?’ என்றும் கேட்க வேண்டும்.

அந்த இரண்டாவது கேள்வியின் பலனை உமர் (ரலி) அவர்களுக்குப் பிறகான தேர்வில் பார்க்கலாம். உமர் (ரலி) ஆறு பேரை நியமித்தார்கள்: உஸ்மான், அலீ, தல்ஹா, ஸுபைர், ஸஅத், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி அன்ஹும்). அப்துர் ரஹ்மான் (ரலி) முதலில் மூவர் தங்கள் உரிமையை வேறு மூவருக்கு விட்டுக்கொடுக்கட்டும் என்றார்கள். அதாவது, நீங்கள் இல்லையென்றால் யார்? ஸுபைர் அலீக்கும், தல்ஹா உஸ்மானுக்கும், ஸஅத் அப்துர் ரஹ்மானுக்கும் கொடுத்தார்கள் (புகாரி 3700). ஆறு மூன்றானது. பிறகு அப்துர் ரஹ்மான் தன் பெயரையும் விலக்கிக்கொண்டார்கள். தனக்கு வேண்டும் என்று நிற்பவர் பிறர் மனதை நடுநிலையாகக் கேட்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதன்பின் மூன்று இரவுகள் அவர்களுக்கு அவ்வளவாகத் தூக்கமில்லை. ஒவ்வொருவராக, தனித்தனியாகச் சந்தித்தார்கள். கடைசி இரவில் மிஸ்வர் (ரலி) வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பி, ஸுபைரையும் ஸஅதையும் அழைக்கச் சொல்லிப் பேசினார்கள். பிறகு அலீயிடம் நள்ளிரவு வரை. பிறகு உஸ்மானிடம், சுப்ஹு பாங்கு பிரிக்கும் வரை (புகாரி 7207). திரைக்குள் இருந்த பெண்களிடமும், மக்தபில் ஓதும் பிள்ளைகளிடமும், மதீனாவுக்கு வந்திறங்கிய பயணிகளிடமும்கூடக் கேட்டார்கள் என்று இப்னு கஸீர் (ரஹ்) எழுதுகிறார்கள். பெண்கள் விஷயத்தில் நம் ஜமாஅத்துகள் எவ்வளவு பின்தங்கியிருக்கின்றன என்பதைத் தனி ஜுமுஆவில்தான் பேச வேண்டும். ஹுதைபிய்யாவில் ஸஹாபாக்கள் எல்லோரும் துக்கத்தில் எழாமல் அமர்ந்திருந்தபோது வழி சொன்னது உம்மு ஸலமா (ரலி) (புகாரி 2731). அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு தவறிப்போனால்?

இவ்வளவு கேட்டும் முடிவு தவறலாம். உஹதுக்கு முன் மதீனாவுக்குள் இருந்தே போரிடுவது நபியவர்களின் விருப்பம். பத்ரைத் தவறவிட்ட இளைஞர்கள் வெளியே போகத் துடித்தார்கள். நபியவர்கள் அவர்கள் பேச்சை ஏற்று உள்ளே போய்க் கவசம் அணிந்து வந்தார்கள். அதற்குள் இளைஞர்களுக்கு மனம் மாறிவிட்டது, நாம் வற்புறுத்திவிட்டோமோ என்று. பின்வாங்க நபியவர்கள் சம்மதிக்கவில்லை, கவசம் அணிந்த நபிக்குப் போரிடாமல் கழற்றுவது தகாது என்றார்கள். மனம் மாறுவதற்குரிய நேரம் கவசம் அணிவதற்கு முன்பு. தன் பேச்சு எடுபடவில்லை என்று சொல்லிச் சுமார் 300 பேரோடு பாதி வழியில் திரும்பியவன் அப்துல்லாஹ் பின் உபை. அவன் சொன்ன யோசனை நபியவர்களின் விருப்பத்தோடு ஒத்ததுதான்! ஆனாலும் அவன் பெயர் முனாஃபிக்குகளின் தலைவன் என்றே நிற்கிறது.

உஹதில் 70 பேர் ஷஹீதானார்கள். அதற்குப் பிறகு இறங்கிய ஆயத்தில்தான், அவர்களை மன்னியுங்கள், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடுங்கள், காரியங்களில் அவர்களோடு ஆலோசியுங்கள் என்ற கருத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். ஆலோசித்ததால்தானே இவ்வளவு இழப்பு, இனி வேண்டாம் என்று சொல்லவில்லை.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளியின் பழைய ஹவ்ளை மூடிவிட்டுக் குழாய் வைப்பதா, ஹவ்ளைச் செப்பனிடுவதா, அந்த இடத்தில் பெண்களுக்குத் தொழுமிடம் கட்டுவதா என்று மூன்று வருடமாகப் பேச்சு நடக்கிறது. அடுத்த ஞாயிறு அஸருக்குப் பிறகு கூட்டம். (சனிக்கிழமை வைக்காததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, அன்று நம் ஊரில் வெளியூர் வண்டிகளுக்கு நடுவில் நீங்கள் பள்ளிக்கு வந்து சேருவதே பெரிய காரியம்.) அந்தக் கூட்டத்தில் பேச்சு மட்டும்தான், முடிவு இல்லை. நிர்வாகத்திடம் கேட்டு இதை உறுதி செய்திருக்கிறேன். பேச்சை இளையவர்கள் தொடங்குவார்கள், முத்தவல்லி கடைசியில் பேசுவார். நான் பேசவே போவதில்லை.

அதற்கு அடுத்த இரண்டு வாரம் தெருவுக்கு ஒருவராக வீடு வீடாக ஒரு சீட்டு வரும். பெயர் எழுத வேண்டாம். மூன்று வழிகளும் அச்சிட்டிருக்கும். எது முதல், எது இரண்டாவது, எது மூன்றாவது என்று 1, 2, 3 போட்டுப் பள்ளிவாசல் கதவோரம் இருக்கும் பெட்டியில் போடுங்கள். வீட்டுக்கு இரண்டு சீட்டு, ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு. ‘எனக்கு எதுவானாலும் சரி’ என்பதற்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறோம், அதுவும் ஒரு பதில்தான். சீட்டே போடாத வீடுகளை எந்தக் கணக்கிலும் சேர்க்க மாட்டோம், எத்தனை வீடு போடவில்லை என்பதை மட்டும் தீர்மானத்தில் எழுதுவோம். சந்தா பாக்கி உள்ளவர்களுக்கும் சீட்டு உண்டு. சீட்டு கொண்டு வருபவர் பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால் என்னிடம் சொல்லுங்கள்.

எண்ணி முடித்து, எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதிய பிறகு துஆ ஓதலாம்.